யாருக்குத் திறந்த கதவு?

மே மாதத்தின் கடைசி வாரம். பாகூரை அடுத்த ஒரு சிற்றூரில், பழக்கமான ஓர் உழவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அவருடைய மகன் ஊரிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளியில் 5-ஆம் வகுப்பை முடித்திருந்தான். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று, பள்ளியில் வாங்கி வந்த மாற்றுச் சான்றிதழ். மற்றொன்று, சில கல் தொலைவிலுள்ள ஒரு தனியார் பள்ளியின் சேர்க்கை விண்ணப்பம்.

“ஐயா, நீங்கள் நாலு எழுத்து படித்தவர். பையனை எங்கே சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

கட்டணம், பேருந்து, சீருடை, புத்தகம் என்று அவர் கணக்குச் சொன்னார். சென்ற போகத்து நெல் கைக்கு வந்த விலையையும் சொன்னார். இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. “வீட்டில் தோடு இருக்கிறது, அடகு வைத்துக்கொள்ளலாம்” என்று முடித்தார். உள்ளே அடுப்படியில் இருந்த அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை.

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. ஊர் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வியே உடன் வந்தது. அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா என்பதை இக்காலத்துக் கேள்வியாகவே நாம் எண்ணி வருகிறோம். ஆனால் பள்ளி யாருடையது, யாருக்குரியது என்னும் வழக்கு பாகூர் மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வருகிறது. அவ்வழக்கின் ஏடுகளைச் சற்றே புரட்டிப் பார்ப்பது, அந்த உழவருக்கும் அவரைப் போன்ற பெற்றோருக்கும் பயன்படும் என்று கருதுகிறேன்.

செப்பேடு சொல்லும் கல்விச்சாலை

1879-ஆம் ஆண்டில் பாகூரில் சில செப்பேடுகள் கிடைத்தன. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்டப்பட்டவை அவை. வடமொழியும் தமிழும் கலந்த அச்செப்பேடுகள், அன்று வாகூர் என வழங்கிய இவ்வூரில் ஒரு வித்தியாஸ்தானம் இருந்ததையும், அதன் செலவுக்காக மூன்று ஊர்கள் வரி நீக்கிக் கொடையாக அளிக்கப்பட்டதையும் கூறுகின்றன. சிவபெருமானின் சடைமுடியில் கங்கை தங்கியதுபோல் இவ்வூரில் கல்வி தங்கியிருந்தது என்னும் பொருள்பட அதன் வடமொழிப் பகுதி பேசுகிறது.

புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வதுண்டு. அந்த நெல்லே அன்று பள்ளியை நடத்தியது. மன்னன் மானியம் கொடுத்தான். ஆனால் பள்ளியை நடத்தியவர்கள் அவ்வூர்ச் சான்றோர். இன்றைய வழக்கில் சொன்னால், அது அரசு உதவி பெறும் கல்விக்கூடம்.

பாகூருக்கு வடமேற்கே, இன்றைய மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள திருபுவனையிலும் இத்தகைய சான்று கிடைக்கிறது. முதலாம் இராசாதிராச சோழன் காலத்து 1048-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, அவ்வூர்க் கல்லூரியில் 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்தனர் என்கிறது. அதற்கென விடப்பட்ட நிலம் 72 வேலி. அதன் ஆண்டு வருவாய் 12,000 கலம் நெல். ஆசிரியர் ஒருவருக்கு ஏறத்தாழ 22 மாணவர் என்னும் அளவு இன்றைய பள்ளிகள் பலவும் பொறாமைப்படத்தக்கது. அங்குப் பயின்றோரும் பயிற்றுவித்தோரும் ஊர்வாரியப் பணிகளினின்று விலக்குப் பெற்றனர். கல்விக்கு இடையூறு நேரலாகாது என்பதில் அக்காலத்தவர் அத்துணைக் கவனம் கொண்டிருந்தனர்.

இத்தகைய பெருமைகளைச் சொல்லி நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். ஆனால் வரலாறு அங்கே நிற்பதில்லை. அந்த 12,000 கலம் நெல்லை விளைவித்தவர்கள் யார்? சேற்றில் இறங்கி நட்டவர்களும் களையெடுத்தவர்களும் யார்? அவர்களுடைய பிள்ளைகள் அக்கல்லூரியின் வாயிலைத் தாண்டியதாகத் தெரியவில்லை. வேதமும் இலக்கணமும் கற்பிக்கப்பட்ட அச்சாலைகள் வேதியர் பிள்ளைகளுக்கே உரியனவாக இருந்தன. ஊரின் நெல்லால் நடந்த பள்ளி ஊருக்குரியதாக இருக்கவில்லை.

திண்ணையும் கல்லூரியும்

மற்றவர்க்குக் கிடைத்தது, கிடைத்தவரையில், திண்ணைப் பள்ளி. ஊரில் எழுத்தறிந்த ஒருவர், ஒரு திண்ணை, சில பிள்ளைகள். மணலில் விரலால் அரிச்சுவடி, பிறகு ஓலையில் எழுத்தாணி, எண்சுவடி, ஆத்திசூடி. ஆசிரியருக்கு அரிசியும் காய்கறியும் பண்டிகைக்கு வேட்டியுமாகப் பெற்றோர் கொடுத்தனர். அரசின் தொடர்பு ஏதுமில்லை. அவ்வகையில் நம் கிராமங்களின் முதல் தனியார் பள்ளி இந்தத் திண்ணைதான். ஆங்கும் கூலிவேலை செய்வோரின் பிள்ளைகளுக்கு இடமில்லை; பெண்பிள்ளைகள் அருகியே காணப்பட்டனர்.

18-ஆம் நூற்றாண்டின் நடுவில் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. 1752-இல் பாகூரிலேயே பிரெஞ்சுப் படையும் ஆங்கிலேயப் படையும் மோதின. போர்களும் உடன்படிக்கைகளுமாக அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னரே கல்வியைப் பற்றி எண்ண ஆட்சியாளர்க்கு ஓய்வு கிடைத்தது.

1826-ஆம் ஆண்டில் ஆளுநர் தெபசான் தெ ரிஷ்மோன் புதுவை நகரில் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். இன்று பிரெஞ்சு லிசே என வழங்குவது அதுவே. அடுத்து 1827, 1828 ஆகிய ஆண்டுகளில் பெண்களுக்கான விடுதிப் பள்ளியும், இந்தியர்க்கென ஓர் இலவசப் பள்ளியும், தாழ்த்தப்பட்டோர்க்கென மற்றொரு பள்ளியும் ஏற்பட்டன. 1827-இல் குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் புதுவைக்கு வந்து சேர்ந்தனர்.

இந்தப் பட்டியலை ஊன்றிப் படிக்க வேண்டும். அரசே பள்ளி திறந்தது, உண்மை. ஆயினும் ஐரோப்பியர்க்கு ஒரு கதவு, இந்தியர்க்கு ஒரு கதவு, தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோர்க்கு வேறொரு கதவு. மன்னராட்சியில் அடைபட்டிருந்த வாயில் இப்போது மூன்றாகப் பிரிந்து திறந்தது. அரசுப் பள்ளி என்றாலே அனைவர்க்குமான பள்ளி என்பது அன்று உண்மையாக இருக்கவில்லை. நகரத்தில் இவ்வளவும் நிகழ, வில்லியனூர் வயல்களில் வரப்பு வெட்டியவரின் பிள்ளை வரப்பிலேயே இருந்தது.

1844: ஓர் ஆண்டின் துணிவு

1844-ஆம் ஆண்டு நம் மறைமாவட்ட வரலாற்றில் தனியிடம் பெற்றது. பொன்னாந்து ஆண்டகையின் தலைமையில் அவ்வாண்டின் தொடக்கத்தில் கூடிய புதுவைச் சங்கம், உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவது பற்றியும் பிள்ளைகளின் கல்வி பற்றியும் முடிவுகள் எடுத்தது. பெத்தி செமினேர் பள்ளி அவ்வாண்டிலேயே தோன்றியது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் லூயி சவினியேன் துப்புயி அடிகளார், பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டு, தமிழ்ப் பெண்களைச் சேர்த்து ஒரு கன்னியர் சபையை நிறுவினார். மரியாயின் மாசற்ற இருதய சபை என இன்று அறியப்படுவது அது. பெண் படித்தால் குடும்பம் கெடும் என்று ஊர் நம்பிய காலம். எழுத்துக் கற்ற பெண்ணை ஐயத்தோடு பார்த்த காலம். அரசுக்கே தோன்றாததை, அல்லது தோன்றியும் துணியாததை, ஒரு தனியார் முயற்சி துணிந்து செய்தது.

இதையும் புகழுரையாக முடித்துவிடக் கூடாது. ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கு ஓர் இடமென வகுத்திருந்த காலமும் அதுவே. நம் பள்ளி வாங்குகளும் அப்பிரிவினையினின்று முற்றும் தப்பவில்லை. கதவைத் திறந்த கைகளே உள்ளே கோடும் கிழித்தன. ஆயினும் பெண்பிள்ளைக்குப் பள்ளி என்னும் எண்ணத்தை இம்மண்ணில் ஊன்றியதில் தனியார் முயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறுக்க இயலாது.

பின்னர் நேர்மாறான நிகழ்ச்சிகளையும் காண்கிறோம். கல்வே சுப்பராயச் செட்டியார் என்னும் வள்ளல் 1877-ஆம் ஆண்டளவில் தம் பொருளால் எழுப்பிய பள்ளி, சில ஆண்டுகளில் அரசின் பொறுப்புக்குச் சென்று கல்வே கல்லூரி எனப் பெயர் பெற்றது. தனியார் தொடங்கியது அரசுடையதாயிற்று. 1880-இல் கொம்யூன்கள் அமைந்து வில்லியனூரும் பாகூரும் தத்தம் நகராட்சியைப் பெற்ற பின், அரசின் தொடக்கப் பள்ளிகள் கிராமங்களை மெல்ல எட்டின.

அப்பள்ளிகளில் பணியாற்றியவர் யாரென எண்ணினால் நமக்கு வியப்பே மிஞ்சும். பாவேந்தர் பாரதிதாசன் 1909-இல் காரைக்கால் வட்டத்து நிரவியில் அரசுப் பள்ளித் தமிழாசிரியராகச் சேர்ந்தார். பிரெஞ்சு அரசின் பள்ளிகள் பலவற்றில் மாறி மாறிப் பணி செய்து 1946-இல் ஓய்வு பெற்றார். 37 ஆண்டுகள்! தமிழகமே கொண்டாடிய கவிஞர் ஒருவர் தம் பகற்பொழுதையெல்லாம் கிராமத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுப்பதில் செலவிட்டார்.

1930-இலேயே பிரெஞ்சுப் புதுவையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கும் திட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சியில் 1956-இல் அது பரவலாவதற்கு முன்னரே, பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இங்கே உணர்ந்திருந்தனர். கூலிவேலை செய்யும் தாய், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப அந்த ஒருவேளைச் சோறு காரணமாயிற்று.

மூன்றாம் வழி

1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16-இல் இணைப்பு சட்டப்படி நிறைவுற்றது. அதன் பின் வந்த முப்பது ஆண்டுகளை அரசுப் பள்ளியின் வளர்ச்சிக் காலம் எனலாம். தொடக்கப் பள்ளி நடுநிலையாகவும், நடுநிலை உயர்நிலையாகவும், உயர்நிலை மேனிலையாகவும் வளர்ந்தன. வில்லியனூரில் கண்ணகி பெயரால் பெண்களுக்கும் விவேகானந்தர் பெயரால் ஆண்களுக்கும் அரசு மேனிலைப் பள்ளிகள் அமைந்தன. இன்று புதுவை அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் நடுத்தர வயதில் பணிபுரிவோரில் மிகப் பலர், இக்கொம்யூன்களின் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி படித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரிகளாக வெளிவந்தவர்களே. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் புதுவையின் எழுத்தறிவு 85 விழுக்காட்டைத் தாண்டியதென்றால், அதன் அடிப்படையை இட்டவை அப்பள்ளிகள்.

இவற்றோடு மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. சம்பளம் அரசுடையது, நிருவாகம் சபையுடையது அல்லது அறக்கட்டளையுடையது என்னும் அரசு உதவி பெறும் பள்ளி. செப்பேட்டு வாகூரின் பழைய ஏற்பாடே புதிய உருவில் வந்தது போன்றது அது. பிரான்சு நாடும் நெடுங்காலப் பூசலுக்குப் பின் இவ்விணக்கத்தைத்தான் கண்டது. 1959-ஆம் ஆண்டின் தெப்ரே சட்டப்படி, உடன்படிக்கை செய்துகொண்ட கத்தோலிக்கப் பள்ளிகளின் ஆசிரியர்க்கு அரசே ஊதியம் தருகிறது, பாடத்திட்டம் அரசுடையது. 1984-இல் அந்த ஏற்பாட்டை மாற்ற முயன்றபோது பாரிசு வீதிகளில் மக்கள் பெருந்திரளாகத் திரண்டனர்; அரசு மசோதாவைக் கைவிட்டது. ஆக, அரசா தனியாரா என்னும் கேள்வி பாகூர்த் திண்ணைக்கு மட்டும் உரியதன்று.

1980-களுக்குப் பின் காட்சி மாறியது. மழலையர் பள்ளிகளும் ஆங்கிலவழி மெட்ரிக் பள்ளிகளும் கிராமங்களின் ஓரத்தில் எழுந்தன. காலையில் மஞ்சள் நிறப் பேருந்து ஊருக்குள் வரத் தொடங்கியது. கழுத்துப்பட்டை அணிந்த பிள்ளை ஏறிச் செல்வதைப் பார்த்த அண்டை வீட்டார்க்குத் தம் பிள்ளை நடந்து செல்வது குறையாகத் தோன்றியது. முதலில் சென்றவர்கள் நிலமுடையோரும் மாத ஊதியக்காரர்களும். அரசுப் பள்ளி ஆசிரியர் பலரும் தம் பிள்ளைகளை அங்கேயே அனுப்பினர். இதன் விளைவு ஆழமானது. ஊரில் குரல் உள்ளவரின் பிள்ளைகள் நீங்கிய பின், கூரை ஒழுகினால் கேட்பதற்கும், ஆசிரியர் இடம் காலியாய்க் கிடந்தால் அதிகாரியிடம் சென்று வாதாடுவதற்கும் ஆள் குறைந்தது. பள்ளி தளர்ந்ததால் பிள்ளைகள் சென்றனரா, பிள்ளைகள் சென்றதால் பள்ளி தளர்ந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாதவாறு இரண்டும் பின்னிக்கொண்டன.

திரும்பிய சக்கரம்

இப்போது சக்கரம் மற்றொரு முறை சுழன்றிருக்கிறது. தனக்கெனத் தேர்வு வாரியம் இல்லாத புதுவை, நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையே பின்பற்றி வந்தது. 2014-ஆம் ஆண்டு முதல் அரசின் தொடக்க வகுப்புகளில் மத்தியப் பாடத்திட்டம் படிப்படியாக நுழைந்தது. 2023-24 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளும் 11-ஆம் வகுப்பும் சி.பி.எஸ்.இ. முறைக்கு மாறின. 2025-இல் புதுவை அரசுப் பள்ளி மாணவர் அம்முறையில் முதன்முதலாகப் பொதுத்தேர்வு எழுதினர். தனியார் பள்ளிகள் பலவும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்திலேயே தொடர்ந்தன. பணம் கட்டினால்தான் கிடைக்கும் என்று முன்னர் எண்ணப்பட்ட பாடத்திட்டம் இன்று கட்டணமின்றி அரசுப் பள்ளியில் இருக்கிறது. நம் கொம்யூன்கள் தமிழ்நாட்டு ஊர்களோடு கலந்து கிடப்பவை. ஆகவே வரப்புக்கு இந்தப்புறத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு பாடநூல், அந்தப்புறத்துப் பிள்ளைக்கு வேறொரு பாடநூல்.

இம்மாற்றம் எளிதன்று. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குப் புதுப்பாடநூல் பெருஞ்சுமை. பழகிய பாடத்தை விட்டுப் புதியதைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் அப்படியே. இதை மறைத்து அரசுப் பள்ளியே நல்லது என்று பெற்றோரிடம் சொல்வது நேர்மையாகாது. அதே வேளையில், 2023-இல் நடைமுறைக்கு வந்த ஒரு வாய்ப்பையும் சொல்லாமல் விடுதல் தகாது. அரசுப் பள்ளிகளிலேயே பயின்று நீட் தேர்வில் தேறியவர்க்குப் புதுவையின் அரசு ஒதுக்கீட்டு மருத்துவ இடங்களில் 10 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. தனியார் பள்ளிக்குச் சென்றுவிட்ட பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

திண்ணைக்குத் திரும்புவோம்

ஒரு வாரம் கழித்து மீண்டும் அந்த உழவரின் வீட்டுக்குச் சென்றேன். மேற்கூறிய வரலாற்றையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சில கேள்விகளை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

சென்ற ஆண்டு கணக்குப் பாடம் நடத்திய ஆசிரியர் இந்த ஆண்டும் அப்பள்ளியில் இருக்கிறாரா? குறைந்த ஊதியத்தில் ஆண்டுதோறும் ஆசிரியர் மாறும் தனியார் பள்ளிகளும் உண்டு. இடம் நிரப்பப்படாத அரசுப் பள்ளிகளும் உண்டு. பையன் ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பேருந்தில் கழிப்பான்? ஒரு பருவம் மழை பொய்த்தாலும் ஆறாம் ஆண்டின் கட்டணத்தை உங்களால் கட்ட முடியுமா, அல்லது 9-ஆம் வகுப்பின் நடுவில் மாற்றுச் சான்றிதழ் வாங்க நேருமா? படிப்பில் பின்தங்கினால் அப்பள்ளி அவனைத் தாங்கிப் பிடிக்குமா, தேர்ச்சி விழுக்காட்டுக்காக வெளியே அனுப்பிவிடுமா? அரசுப் பள்ளியில் சேர்த்தால், பெற்றோர் கூட்டத்துக்கு நீங்கள் தவறாமல் செல்வீர்களா?

அவர் பொறுமையாகக் கேட்டார். சிலவற்றுக்கு விடை சொன்னார். சிலவற்றை விசாரிப்பதாகச் சொன்னார்.

அப்போது மிதிவண்டியை நிறுத்திவிட்டு, கையில் நூலகப் புத்தகத்தோடு ஒரு சிறுமி உள்ளே வந்தாள். அவருடைய மூத்த மகள். பாகூரில் அரசுப் பள்ளியில் 8-ஆம் வகுப்பு முடித்து 9-க்குப் போகிறாள். “இவளை எங்கே சேர்ப்பது என்று அன்று யாரிடம் கேட்டீர்கள்?” என்றேன். அவர் சற்றுத் திகைத்தார். “இவளுக்கென்ன ஐயா, பெண்பிள்ளைதானே... அரசுப் பள்ளி போதும் என்று...” வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அடுப்படியிலிருந்து அவர் மனைவி வெளியே வந்து நின்றார்.

மகனுக்குக் கட்டணப் பள்ளி, மகளுக்கு இலவசப் பள்ளி என்னும் இந்தப் பங்கீடு அந்த ஒரு வீட்டின் குற்றமன்று. இந்தியக் கிராமங்கள் பலவற்றிலும் தனியார் பள்ளிக்குச் செல்வோரில் ஆண்பிள்ளைகளே மிகுதி. நல்லதென நாம் நம்பும் பள்ளியில் யாரைச் சேர்க்கிறோம், போதும் என நினைக்கும் பள்ளியில் யாரை விடுகிறோம் என்பதில் நம் உள்ளம் வெளிப்பட்டுவிடுகிறது. வாகூர்க் கல்விச்சாலை உழுதவரின் பிள்ளையை வெளியே நிறுத்தியது. 1820-களின் அரசு தனித்தனிக் கதவு வைத்தது. 1844-இன் துணிவு பெண்ணுக்குக் கதவு திறந்தது. இத்தனைக்கும் பிறகு அதே பிரிவினையை நம் வீட்டுக்குள்ளேயே, நம் இரண்டு பிள்ளைகளுக்கு இடையிலேயே நாம் வைத்துக்கொள்வது எவ்வளவு வருந்தத்தக்கது!

அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, உதவி பெறும் பள்ளி ஆகிய மூன்றுமே இம்மண்ணில் ஒரு காலத்தில் கதவைத் திறந்தும் மற்றொரு காலத்தில் அடைத்தும் இருக்கின்றன. ஆதலால் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே வரலாறு தரும் அறிவுரை. மகனுக்கு எது நல்லதென்று கண்டறிகிறோமோ அதுவே மகளுக்கும் நல்லது. மகளுக்குப் போதுமான பள்ளி மகனுக்குப் போதாதெனில், அது அவளுக்கும் போதாது. அதைப் போதுமானதாக ஆக்கும் கடமை ஊருக்கும் நமக்கும் உண்டு.

சூன் மாதம் பள்ளிகள் திறந்தன. அந்த உழவர் தொலைபேசியில் அழைத்தார். பையனை அரசுப் பள்ளியிலேயே சேர்த்துவிட்டதாகவும், அக்காளும் தம்பியும் இப்போது பாகூருக்குச் சேர்ந்தே போய் வருவதாகவும் சொன்னார். சேமித்த பணத்தில் இருவருக்கும் மாலைநேர வகுப்புக்கு ஏற்பாடு செய்திருக்கிறாராம். அவர் செய்தது சரியா என்பதை இன்னும் ஏழாண்டு கழித்தே அறிய முடியும். தனியார் பள்ளியில் சேர்த்திருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். தொலைபேசியை வைப்பதற்கு முன் அவர் சொன்ன ஒரு செய்திதான் எனக்கு நிறைவளித்தது: அடுத்த பெற்றோர் கூட்டம் என்றைக்கு என்று மகளைக் கேட்டு வைத்துக்கொண்டிருக்கிறார், இம்முறை அவருடைய மனைவியும் உடன் வருகிறாராம்.